உன்னைப் பற்றி விசாரித்தேன்

மக்கா,

நீ என்னிடம் கேட்டது ஒரு நிமிட வீடியோ. "பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. 'இவ என் மக, இவள நம்பி ஓட்டுப் போடுங்க'ன்னு மொகத்தக் காட்டிச் சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாய். போன் அணைவதற்கு முன் கொட்டுச் சத்தமும், யாரோ "முதல்வர் வேட்பாளர் வாறாங்க, வழி விடுங்க" என்று கத்துவதும், அதற்கு ஒரு கூட்டம் சிரிப்பதும் கேட்டன. அந்த ஒரு வரியைக் கண்ணாடி முன் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். 'இவ என் மக' என்பது வரை தடுமாற்றம் இல்லை. அடுத்த பாதியில்தான் வாய் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் எதையும் ஊரறியச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். படிக்கிற புத்தகத்துக்குக்கூட அட்டை போட்டுத்தான் படிப்பேன். ஆனால் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நாலு பேர் நடுவில் கேட்டார். பதிலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இருக்கட்டும். என் பெயர் போடவில்லை. அதனால் எதுவும் மறைந்துவிடப் போவதில்லை என்றாலும் ஓர் ஆறுதல்.

அந்தக் கேள்வியை நானும் பார்த்தேன். செல்விதான் தன் போனில் காட்டினாள். இங்கே வளைகுடாவில் எங்கள் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி, ரூமில் எனக்கு எதிர்க் கட்டில். நம்மூர்ப் படகுத்துறையில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்கிறார்: "ஏ பிள்ள, பெத்தவளே ஒன்கூட இருந்து வளக்கல. அவளுக்கே ஒன்னத் தெரியாது. நாங்க எப்பிடித் தெரிஞ்சு ஓட்டுப் போட?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் நீ ஒரு கணம் மைக்கைப் பார்த்தாய். பிறகு, "எங்கம்மாவையே வந்து சொல்லச் சொல்லுதேன் மாமா" என்றாய். அதற்கும் சிரித்தார்கள். செல்விக்கு அந்த ஆள் மேல் கோபம். "யக்கா, என்ன வாய் பாத்தீங்களா அந்தாளுக்கு?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு உன்னை எவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

உன் கட்சி உன்னை முதல்வர் வேட்பாளர் என்று அறிவித்த அன்று இங்கே நடந்த கூத்தை நான் உனக்குச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து தொகுதியில் நிற்கிற கட்சி மாநிலத்துக்கே முதல்வரை அறிவிக்கலாமா என்று எனக்கே சந்தேகம். அறிவிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்று செல்வி சொன்னாள். சொன்ன கையோடு, "ஆனா சி.எம்.மோட அம்மா பாத்ரூம் கழுவலாமான்னு சட்டத்துல என்ன போட்டிருக்கோ தெரியலயே. இன்னைக்கு உங்க டர்ன் யக்கா" என்றாள். கழுவினேன். மறுநாள் கிளினிக்கில், கண்ணில் இரும்புத் தூள் விழுந்து வந்த ஒரு வெல்டர், ராமநாதபுரத்துக்காரர், நான் கண்ணைக் கழுவும்போதே மறு கண்ணால் என்னைப் பார்த்து, "சிஸ்டர், உங்க மக ஜெயிச்சா எனக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி போட்டுத் தரச் சொல்லணும்" என்றார். "அப்ப உங்க வீட்டு ஓட்டு எங்களுக்குத்தானே?" என்று கேட்டேன். "ஓட்டு பரம்பரையா எங்க கட்சிக்குத்தான் சிஸ்டர். வாரியம் மட்டும்தான் உங்ககிட்ட" என்றார். கிளினிக் இருக்கும் இந்த முசஃபாவில் இப்போது பட்டறைக்குப் பட்டறை உன்னைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. உன் சின்னத்தைச் சுவரில் வரைந்திருந்த படத்தை ஒருவர் காட்டினார். நான் முதலை என்று நினைத்தேன். ஸ்டேப்ளர் என்று அவர்தான் சொன்னார்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? ஜெயிக்க மாட்டாய் என்று உனக்கே தெரிந்த தேர்தலில் எதற்கு நிற்கிறாய் என்றேன். நீ கோபப்படவில்லை. "கடல் வருஷா வருஷம் ஒரு வரிச வீட்டத் தின்னுட்டுப் போகுதும்மா. கல்லக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தாங்கன்னு கேட்டா, எல்லா கட்சிக்காரனும் பாக்கலாம்னுட்டுப் போறான். நான் மைக்குல அத மட்டுமே பேசுனா, அடுத்த வண்டில வாறவனும் அதப் பேசித்தான ஆகணும்?" என்றாய். போன வாரம் பெரிய கட்சி வேட்பாளர் ஒருவர் நம் தெருவில் நின்று தூண்டில் வளைவு என்ற வார்த்தையைத் தப்பில்லாமல் சொன்னதை வீடியோவில் பார்த்தேன். உனக்கு ஓட்டு விழுமோ இல்லையோ, இந்த ஒன்று விழுந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை. கிளினிக்கில் சம்பளத்தோடு கூடிய ஓய்வு நாளைக் கேட்கவே நான் பல நாள் ஒத்திகை பார்ப்பேன்.

தலைவர்களின் வாழ்க்கைக் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அம்மாவுக்கு முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம் இருக்கும். அவள் பாடினாள், பட்டினி கிடந்தாள், நேர்மையைக் கற்றுக்கொடுத்தாள் என்று எழுதியிருப்பார்கள். உன் கதையை யாராவது எழுதினால் என் பக்கத்தில் என்ன எழுதுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ பேசத் தொடங்கும் முன்பே நான் இங்கே வந்துவிட்டேன். உன் அப்பா இறந்த பிறகும் இங்கேயே இருந்தேன். லீவில் வந்தேன், லீவு முடிந்து போனேன். லீவுக்கு வரும் அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் லீவுப் பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் வந்தபோது, உனக்குப் பிடிக்கும் என்று நினைத்து நாள் தவறாமல் வெண்டைக்காய் வைத்தேன். நீயும் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாய். நான் விமானம் ஏறிய பிறகு சித்தி போனில் சொன்னாள்: "யக்கா, அவளுக்கு வெண்டைக்காயக் கண்டாலே கொமட்டும். நீ இருந்த வரைக்கும் வாயத் தொறக்கல, பாத்துக்க." அன்றைக்கு எனக்கு அழுகையை விட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. ஒரு குழந்தையால் இவ்வளவு நாள் ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? வெண்டைக்காய் தவிர வேறு எதையெல்லாம் எனக்காக விழுங்கினாய்? இதெல்லாம் தெரியாமல் 'இவள நம்பி' என்று ஊருக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்?

ஆகவே, ஒருவரைத் தெரியாதபோது நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். விசாரித்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதற்கு முன் ரூமில் விசாரிப்பார்கள், உனக்குத் தெரியும். ஊருக்கு வருகிறபோது அத்தர் மணக்க, பெட்டியோடு, எல்லாருக்கும் சிரித்துக்கொண்டு வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று ஊரைக் கேட்டால் தெரியாது. அவனோடு ஒரே ரூமில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கிறவனைக் கேட்டால்தான் தெரியும். உன் அப்பாவைப் பற்றியும் அப்படித்தான் விசாரித்தார்கள். என் அப்பா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முசஃபாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய மனுஷன், "நல்ல ஆளுதான் மாமா, குடி கெடையாது. ஆனா கொறட்டை விடுவான். அதுக்குப் பயந்து ரெண்டு பேரு வேற ரூம் போயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, "விசாரிச்சாச்சு, கொடுக்கலாம்" என்றார். பெரியப்பா எகிறினார்: "என்னடே, கொறட்டை விடுதான்னு சொல்லுதான், கொடுக்கலாம்ங்க?" அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கொறையச் சொன்னாம்லா. அப்ப நல்லதச் சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்." குறட்டை நிஜம்தான். மற்றதும் நிஜமாகவே இருந்தது.

முதலில் சித்தியைக் கேட்டேன். அவள்தானே உன்னைப் பத்தாம் வகுப்பு வரை வளர்த்தவள். "யக்கா, நீ பெத்த பிள்ளையப் பத்தி என்கிட்டயே விசாரிக்கியா? ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று ஆரம்பித்து, நீ தங்கம், வைரம், ஆலயத்தில் பாட்டுப் பாடினால் சாமியாரே கண்ணைத் துடைப்பார் என்று முடித்தாள். ஒரு குறை சொல்லு என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "சரியாச் சாப்பிட மாட்டா" என்றாள். சொந்தக்காரர்கள் சொல்லும் சாட்சி எப்போதும் இப்படித்தான். மனம் குளிரும், ஆனால் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அப்போதுதான் பவித்ரா நினைவுக்கு வந்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருஷமும் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவள் இப்போது ஷார்ஜாவில் ஒரு கார்கோ ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். உன்னிடம் சொல்லாமல் அவள் நம்பரைத் தேடிப் பிடித்து, ஓய்வு நாளில் பஸ் ஏறிப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மலையாளியின் கஃபெட்டீரியாவில், காகிதக் கப்பில் ஏலக்காய் மணக்கும் கடக் டீயோடு உட்கார்ந்தோம்.

"என்ன ஆன்ட்டி, மாப்பிள்ள விசாரிக்க வந்த மாதிரில்லா வந்திருக்கீங்க?" என்றாள். அப்படித்தான் வைத்துக்கொள் என்று சொல்லி, குறட்டைக் கதையையும் சொன்னேன். டீ சிந்தச் சிரித்தாள். "அப்ப நெசத்தச் சொல்லலாம்?" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தாள். "உங்க மககூட வாக்குவாதம் பண்ணி ஜெயிக்க முடியாது ஆன்ட்டி. நம்ம பக்கம் நியாயம் இருந்தாலும் முடியாது. அதான் கடுப்பு. அப்புறம் பக்கெட்."

"என்ன பக்கெட்?"

"கோடையில ஹாஸ்டல்ல காலையில கொஞ்ச நேரம்தான் தண்ணி வரும். எல்லாரும் பிடிச்சு வச்சுக்கணும். அந்த நேரம் பாத்து இவ வார்டன்கிட்டச் சண்டைக்குப் போயிருவா, லாரித் தண்ணி எறக்குங்கன்னு. எறக்கவும் வச்சிருவா, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த லாரி வர மத்தியானம் ஆகும். இவ மாடிக்கு வந்து என் பக்கெட்டுல குளிச்சிட்டு கிளாசுக்குப் போயிருவா. கேட்டா, 'ஒனக்காகவும்தான பிள்ள சண்ட போட்டுட்டு வாறேன்'ம்பா."

"நீ என்ன செய்வ?"

"என்ன செய்ய? ரெண்டாவது பக்கெட் ஒண்ணு வாங்கிப் பிடிச்சு வச்சேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அது யாரு வச்சதுன்னு கேட்டதே கெடையாது. அவளுக்குப் போயி ஸ்டேப்ளர் சின்னம் குடுத்திருக்காங்க, பக்கெட்டல்லா குடுத்திருக்கணும்."

நான் சிரித்தேன். இதுவரை யாரும் உன்னைப் பற்றி எனக்கு இப்படி ஒரு விஷயம் சொன்னதில்லை. முதல் தடவையாக நீ ஒரு ஆளாக, ஈரத் துண்டோடு, அடுத்தவள் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுகிறவளாக என் கண்ணில் தெரிந்தாய். நல்லதாக எதுவும் இல்லையா என்று கேட்டேன். அவள் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "ஒரு தடவ வார்டன் இவள மட்டும் கூப்பிட்டாங்க. ஒனக்குத் தனி ரூம் தாரேன், உள்ளயே பாத்ரூம், எந்நேரமும் தண்ணி வரும், நீ பேசாம இருந்துக்கோன்னு. நேரா எங்க ரூமுக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு அதச் சொல்லிட்டா. 'எனக்கு ஆசையாத்தான் இருக்கு, அதான் ஒங்ககிட்டச் சொல்லிட்டேன், இனிமே போக முடியாதுல்லா'ன்னா. போகவும் இல்ல." கப்பைக் கீழே வைத்துவிட்டு, "போயிருந்தா நல்லா இருந்திருக்கும். என் பக்கெட்டாவது தப்பிச்சிருக்கும்" என்றாள்.

கடைசியாகப் பவித்ராவிடம் ஒன்று கேட்டேன். "ஒனக்கு அந்தத் தொகுதியில ஓட்டு இருந்தா அவளுக்குப் போடுவியா?"

"போடுவேன் ஆன்ட்டி. அவளுக்குப் போடாம யாருக்குப் போட?" என்றாள் உடனே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தவள் திரும்பி நின்றாள். "ஆனா மறுபடி ஒரே ரூம்ல இருக்கச் சொன்னா மாட்டேன். அதையும் சொல்லிரணும்லா?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கையில் புத்தகம் இருந்தது, ஒரு பக்கம்கூட ஓடவில்லை. ஓட்டுப் போடத் தகுந்தவரும் ஒரே ரூமில் இருக்கத் தகுந்தவரும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் ஏன் நினைத்தேன்? உன் அப்பாவோடு ஒரே ரூமில் இருக்க முடியாமல் இரண்டு பேர் ஓடினார்கள், ஆனாலும் அந்த ரூமின் சமையல் காசை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். தனி ரூமுக்கு ஆசைப்பட்டேன் என்று நீ அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ஆசையே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உனக்கு நீயே பூட்டுப் போட்டுச் சாவியை நாலு பேர் கையில் கொடுத்திருக்கிறாய். அதை உனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. வெண்டைக்காயை வாய்க்குள்ளேயே வைத்திருந்த பிள்ளை எந்த நாளில், எதனால், எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறவளாக மாறினாள்? அதை நீதான் ஒருநாள் எனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் ரெண்டாவது பக்கெட்டை இப்போது யார் பிடித்து வைக்கிறார்கள் என்று பார். பிரச்சார வேன் புறப்படுவதற்கு முன் உன் இருக்கையில் இட்லிப் பொட்டலமும் வெந்நீர் பிளாஸ்க்கும் இருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். வைத்தது யார்? உன் தொண்டை கட்டினால் அடுத்த தெருவில் யார் பேசுகிறார்கள், அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தது யார்? ஊருக்காகச் சண்டை போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருத்தி தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான். நான் இங்கே நோயாளிகளுக்கு நல்ல சிஸ்டர் என்று பெயர் வாங்கினேன் என்றால், அங்கே என் பக்கெட்டைப் பிடித்தவள் சித்தி. அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீயாவது கேள். பவித்ராவுக்கு ஒரு போன் போடு, ஓட்டுக் கேட்பதற்கு இல்லை.

வீடியோ எடுக்கவில்லை. பிழைக்க வந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மூர்த் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பது சரியாகாது. இங்கே மேடையும் கொடியும் கிடையாது, அரசியல் எல்லாம் ரூமுக்குள் பேசிச் சிரிப்பதோடு சரி. எனக்கு அங்கே ஓட்டும் இல்லை. ஊரில் குடியில்லாதவள் என்று பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், வெளிநாட்டில் இருப்பவளாகப் பதிந்துகொள்ள வேண்டியதை நான் செய்யாமல் விட்டுவிட்டேன். எனவே என்னால் ஓட்டுப் போட முடியாது, சாட்சி மட்டும்தான் சொல்ல முடியும். லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. பிரச்சாரம் முடிவதற்குள் வந்துவிடுவேன். வேனில் ஏற மாட்டேன், மாலை போடாதே, 'வேட்பாளரின் தாயார்' என்று மைக்கில் கத்தவும் கூடாது. படகுத்துறைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போ. வலை தைக்கும் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் இதைச் சொல்கிறேன், வேண்டுமானால் மற்றவர்களும் கேட்கட்டும்: "அண்ணாச்சி, நீங்க சொன்னது சரிதான். நான் இவகூட ரொம்ப நாள் இருந்ததில்ல. அதனால ரூம்ல விசாரிச்சேன். அடுத்தவ பக்கெட்டுல குளிப்பாளாம். பேச்சுல யாரையும் ஜெயிக்க விட மாட்டாளாம். ஆனா இவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு தாரோம்னு எவனாவது கூப்பிட்டா, நேரா ஒங்ககிட்ட வந்து சொல்லிருவா. விசாரிச்சாச்சு. போடலாம்."

அவர் நம்புவார் என்று நினைக்கிறேன். குறையையும் சேர்த்துத்தானே சொல்கிறேன்.

ஓட்டு எண்ணி முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், நீ இங்கே வா. விசிட் விசாவுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். செல்வி அப்போது லீவில் போகிறாள், எதிர்க் கட்டில் காலியாக இருக்கும். ஒரு மாதம் என்னோடு ஒரே ரூமில் இரு. வெண்டைக்காய் பிடிக்காது என்றால் முதல் நாளே சொல்லிவிடு. நானும் உன்னிடம் வாக்குவாதம் பண்ணித் தோற்றுப் பார்க்கிறேன். பாத்ரூம் கழுவும் டர்னில் உன் பெயரை இப்போதே சேர்த்துவிட்டதாகச் செல்வி சொல்கிறாள், முதல்வரே ஆனாலும் விலக்குக் கிடையாதாம். அடுத்த தேர்தலில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், நான் ஷார்ஜாவுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கக் கூடாது.

அம்மா